பெட்டி ஓடுது... பதிவு இருக்கா?

*கேமராவை எண்ணி வாங்குகிறோம். பதிவு செய்யும் டிவிஆரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதை மாட்டிக்கொடுக்கிறவர்கள் என்ன கேட்கிறார்கள்? ஆந்திர எல்லையில், குடிபாலா வட்டாரத்திலிருந்து ஒரு சிறப்புப் பார்வை.*

காலை ஏழு மணி. சித்தூர் – வேலூர் சாலையில் ஓர் உரக்கடை. ஷட்டரின் இடது பக்கப் பூட்டு அறுபட்டுத் தொங்குகிறது. கல்லாப்பெட்டி காலி. எஸ்.ஐ. ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். கடைக்காரர் நிற்கிறார். கேமரா மாட்டிக்கொடுத்த இளைஞர், பிசுக்கு ஏறிய மவுஸைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மானிட்டர் முன்னால் குனிகிறார்.

திரையில் எட்டுக் கட்டங்கள். எட்டிலும் படம் பளிச்சென்று தெரிகிறது. "எல்லாம் ஓடுதே தம்பி, லைட்டுகூட எரியுதே" என்கிறார் கடைக்காரர். இளைஞர் பிளேபேக்கை அழுத்துகிறார். காலண்டர் திறக்கிறது. பதிவு உள்ள தேதிகளுக்கு மூலையில் சின்ன அடையாளம் இருக்கும். இந்த மாதத்தில் ஒன்றும் இல்லை. போன மாதத்துக்குப் போகிறார், அங்கும் இல்லை. அதற்கு முந்தைய மாதம் 11ஆம் தேதியோடு எல்லாம் நின்றிருக்கிறது. அன்றைக்கு ஹார்ட் டிஸ்க் செத்திருக்கிறது. பெட்டி தன் கடமையாகப் 'பீப் பீப்' என்று கத்தியிருக்கிறது. வியாபாரத்துக்குத் தொந்தரவாக இருக்கிறதே என்று கடையில் யாரோ மெனுவுக்குள் போய் அந்தச் சத்தத்தை அணைத்திருக்கிறார்கள். அதன்பிறகு கேமராக்கள் ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் எதுவும் பதிவாகவில்லை.

இந்தக் கடைக்குப் பெயர் போட வேண்டியதில்லை. காட்பாடியிலோ சித்தூரிலோ திருப்பதியிலோ இந்தத் தொழிலில் இருப்பவர் எவரைக் கேட்டாலும், கடையையும் தேதியையும் மாற்றி இதே காட்சியைச் சொல்வார். திட்டு வாங்குவது கேமரா கம்பெனி அல்ல, மாட்டிக்கொடுத்தவர். அதனால்தான் டிவிஆர் என்ற பெட்டியைப் பற்றி அவர்கள் கேட்பதும் விளம்பரங்கள் சொல்வதும் கொஞ்சம்கூட ஒட்டுவதில்லை.

எல்லை ஊரில் எட்டுக் கண்

குடிபாலா, சித்தூர் மாவட்டத்தின் தமிழ்நாட்டு எல்லையோர மண்டலம். நரஹரிப்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டினால் கிறிஸ்டியான்பேட்டை, காட்பாடி. வீட்டில் தமிழ், ஆபீஸில் தெலுங்கு, ரெண்டும் கலந்த கடைத்தெரு. வேலூர் சி.எம்.சி.க்குப் போகிறவர்களும், திருப்பதிக்குப் போகிறவர்களும், மாம்பழ லாரிகளும் ஒரே சாலையில். ஒரு பக்கம் கைவரிசை காட்டிவிட்டு அரை மணி நேரத்தில் மாநிலம் மாறிவிட வசதியான இடம். அதனால் இந்தச் சாலையோரக் கடைக் கேமராக்களின் பதிவு, இரண்டு மாநிலப் போலீஸுக்கும் வேண்டியதாகிவிடுகிறது.

சட்டமும் தள்ளிவிட்டது. ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2013இல் வந்த பொதுப் பாதுகாப்புச் சட்டம், நூறு பேருக்கு மேல் கூடக்கூடிய இடங்களில் கேமராவைக் கட்டாயமாக்கியது. கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, பள்ளி, கோயில், பெரிய கடை எல்லாம் இதில் அடக்கம். பதிவை 30 நாள் வைத்திருக்க வேண்டும். போலீஸ் கேட்டால் தர வேண்டும். ஆந்திரப் போலீஸே இன்னொரு படி போய், ஊருக்குப் போகிறவர்களின் பூட்டிய வீட்டில் தாங்களே கேமரா வைத்துக் கண்காணிக்கும் 'எல்எச்எம்எஸ்' திட்டத்தைக் கொண்டுவந்தது. எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம், 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையக் கொலையின்போது நிலையத்தில் கேமராவே இல்லை என்பது வெளியே வந்தது. அதற்கடுத்த ஆண்டுகளில் சென்னைப் போலீஸ் 'மூன்றாவது கண்' என்று தெருத்தெருவாகக் கேமரா மாட்டச் சொன்னதை மறந்திருக்க மாட்டோம்.

கேமரா பெருகிவிட்டது. 30 நாள் என்று சட்டம் சொன்னது மட்டும் அப்படியே காகிதத்தில் தங்கிவிட்டது. ஏன் என்பதற்குப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. கணக்கு இடிக்கிறது, அவ்வளவுதான்.

---

[பெட்டிச் செய்தி] ஒரு டெராபைட் எத்தனை நாள் தாங்கும்?

ஒரு கேமரா நொடிக்கு 1 மெகாபிட் வீதம் பதிந்தால், ஒரு நாளைக்கு 10.8 ஜிபி ஆகும். இதுதான் அடிப்படை வாய்ப்பாடு. மற்றதெல்லாம் பெருக்கல்.

8 கேமரா, தலா 2 மெகாபிட் (எச்.265 சுருக்க முறையில் 2 மெகாபிக்சல் கேமராவுக்குச் சாதாரணமாக வைப்பது): நாளொன்றுக்கு 172.8 ஜிபி. 1 டெராபைட் டிஸ்க் ஆறு நாள்கூடத் தாங்காது. 30 நாளுக்கு 5.2 டெராபைட் வேண்டும்.

8 கேமரா, தலா 4 மெகாபிட் (பழைய எச்.264 பெட்டி): 1 டெராபைட் மூன்று நாள்கூட வராது. 30 நாளுக்கு 10.4 டெராபைட்.

4 கேமரா, தலா 1 மெகாபிட் (ஆள் நடமாட்டம் குறைந்த வீடு): 1 டெராபைட்டில் 23 நாள்.

இடம் நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியது எழுதப்படும். அழிந்தது என்று யாருக்கும் அறிவிப்பு வராது.

---

கொட்டேஷனில் வெட்டுப்படுவது டிஸ்க்தான்

எட்டுக் கேமரா செட்டுக்குக் கொட்டேஷன் கொடுத்தால், பேரம் ஆரம்பிக்கும். கேமரா எண்ணிக்கையை யாரும் குறைக்கமாட்டார்கள். வாசலில் ரெண்டு, கல்லாவில் ஒன்று என்று மனத்துக்குள் ஏற்கெனவே மாட்டிவிட்டார்கள். மெகாபிக்சலையும் குறைக்க மனம் வராது. பக்கத்துக் கடையில் அஞ்சு மெகாபிக்சல். மிச்சம் இருப்பது டிஸ்க். ஆறு டெராபைட் எழுதிய இடத்தில் ஒரு டெராபைட் வந்து உட்காரும். மெகாபிக்சல் ஏற ஏற நாள் குறையும் என்பதை அந்த நேரத்தில் சொன்னால், "கம்பெனிக்காரன் 30 நாள் வரும்னு போட்டிருக்கானே" என்பார்கள். போட்டிருப்பான். படத்தில் எதுவும் அசையாத காலி அறையை வைத்துப் போட்ட கணக்காக இருக்கும். எச்.265 பிளஸ் மாதிரியான சுருக்க முறைகள் அசைவற்ற காட்சியில் நிஜமாகவே இடம் மிச்சம் பிடிக்கும். பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கிற டீக்கடையில் அந்த மாயம் வேலை செய்யாது.

மாட்டுகிறவர்களின் முதல் கோரிக்கை இங்கேதான். இப்போது ஓடும் நிலவரப்படி இத்தனை நாள் பதிவு நிற்கும் என்பதைப் பெட்டியே முதல் திரையில் பெரிய எழுத்தில் காட்ட வேண்டும். சில பெட்டிகளில் இந்தக் கணக்கு இருக்கிறது, நாலு மெனுவுக்கு உள்ளே. ஓனர் அங்கே போகவே மாட்டார். இரண்டாவது, டிஸ்க்குக்கு இடம். விலை குறைந்த 8 சேனல் பெட்டிகள் பலவற்றில் ஒரே ஒரு டிஸ்க்தான் மாட்ட முடியும். அப்புறம் மனம் மாறி 30 நாள் வேண்டும் என்றால் பழைய டிஸ்க்கைக் கழற்றி ஓரம் வைத்துவிட்டுப் பெரியதாக ஒன்று வாங்க வேண்டும். ரெண்டாவது டிஸ்க்குக்கு ஒரு கனெக்டர் கூடுதலாக வைப்பதில் கம்பெனிக்கு என்ன குறைந்துவிடும் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி.

டிஸ்க் எது என்பதும் முக்கியம். எட்டுக் கேமரா, தலா 2 மெகாபிட் என்றால் வருஷத்துக்கு 63 டெராபைட் எழுதப்படுகிறது. தூங்காமல் எழுதிக்கொண்டே இருக்கிற வேலை இது. இதற்கென்றே வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'பர்ப்பிள்', சீகேட்டின் 'ஸ்கைஹாக்' போன்ற கண்காணிப்பு டிஸ்க்குகள் உண்டு. கம்ப்யூட்டரில் கழற்றிய டிஸ்க்கைப் போட்டாலும் ஓடும். முதல் கோடை வரைக்கும் ஓடும். இதில் இன்னொரு வம்பு, எங்கோ நாலு வருஷம் உழைத்த டிஸ்க் புது ஸ்டிக்கரோடு வருவது. விவரம் தெரிந்தவர்கள் மாட்டும் முன்பு ஒரு தடவை கம்ப்யூட்டரில் சொருகி, 'எத்தனை மணி நேரம் ஓடியது' என்ற எண்ணைப் பார்த்துவிடுகிறார்கள். புது டிஸ்க்கில் அது பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. தோதாபுரி மாம்பழ சீசன். ஜூன், ஜூலையில் சித்தூர் மாவட்டத்து மாங்கூழ்த் தொழிற்சாலைகளின் வாசலில் டிராக்டரும் லாரியும் மைல் கணக்கில் நிற்கும். 2025 சீசனில் விலை விழுந்து, கிலோவுக்குத் தொழிற்சாலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று ஆந்திர அரசு பன்னிரண்டு ரூபாய்க்கு ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொரு டன்னும் கணக்கு. எடை மேடைக்கு மேலே கேமரா இருக்கிறது: வண்டி நம்பர், ஏறிய நேரம், இறங்கிய நேரம். ஆனால் எடையில் சண்டை அன்றைக்கே வருவதில்லை. பணம் கைக்கு வரும்போதுதான் விவசாயி துண்டுச்சீட்டை எடுத்துப் பார்க்கிறார். அதற்குள் வாரங்கள், சமயத்தில் மாதங்கள் ஓடிவிடும். ஆறு நாள் டிஸ்க் அதற்குள் எத்தனையோ தடவை தன்மேல் தானே எழுதி முடித்திருக்கும். எடை மேடை மாதிரியான ஒரு கேமராவுக்கு மட்டும் அறுபது நாள், மற்றவற்றுக்குப் பத்து நாள் என்று பிரித்துவைக்கும் வசதி விலை உயர்ந்த பெட்டிகளில் இருக்கிறது. சின்னப் பெட்டிக்கும் அது வேண்டும் என்கிறார்கள் மாட்டுகிறவர்கள். என் பார்வையில், முகத்தை அடையாளம் காணும் ஏஐ வசதியைவிட இந்த ஊருக்கு இது நூறு மடங்கு பயன்.

சாத்தான்குளத்தில் டிஸ்க் காலியாகத்தான் இருந்தது

இடம் போதாமல் பதிவு போவது ஒரு வகை. இடம் இருந்தும் போவது இன்னொரு வகை. 2020 ஜூனில் சாத்தான்குளம் போலீஸ் நிலையத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் சித்திரவதைக்கு ஆளாகி இறந்த வழக்கில், விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பிய அறிக்கையில் ஒரு தகவல் இருந்தது. நிலையத்தின் கேமரா பதிவுக்கு 1 டெராபைட் இடம் இருந்தது, போதுமான இடம். ஆனால் ஒவ்வொரு நாளும் பதிவு தானாக அழிந்துபோகும்படி அமைத்திருந்தார்கள். சம்பவ நாளான ஜூன் 19இன் காட்சிகள் கிடைக்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், நாட்டின் எல்லாப் போலீஸ் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், எப்படிப் பார்த்தாலும் ஓர் ஆண்டுக்குக் குறையக் கூடாது என்றது. ராத்திரியிலும் தெரிய வேண்டும், குரலும் பதிய வேண்டும் என்றது. டிவிஆர், என்விஆர் என்று பெட்டியின் பெயரைச் சொல்லியே உத்தரவு பேசியது. ஏறக்குறைய ஐந்து ஆண்டு கழித்து, 2025 செப்டம்பரில், போலீஸ் நிலையங்களில் கேமரா செயல்படாமல் இருப்பதைப் பற்றி அதே நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுக்க வேண்டி வந்தது.

இதிலிருந்து தொழில்காரர்கள் எடுத்துக்கொண்ட பாடம் மிகச் சாதாரணமானது: யார், எப்போது, எந்த அமைப்பை மாற்றினார்கள் என்ற குறிப்பேடு பெட்டிக்குள் இருக்கிறது, 'லாக்' என்பார்கள். அதை யாரும் துடைக்க முடியாதபடி வைக்க வேண்டும். இப்போது பல பெட்டிகளில் 'ஃபேக்டரி ரீசெட்' ஒரு அழுத்தில் எல்லாக் கணக்கையும் முடித்துவிடுகிறது.

பெட்டிக்குள் வருஷம் 2000

கோடையில் கரண்ட் போய்ப் போய் வரும் ஊர்களில் ஒரு வேடிக்கை. பெட்டி மறுபடி உயிர் பெறும்போது அதன் கடிகாரம் 2000 ஜனவரி 1க்குப் போய்விடும். உள்ளே ஒரு பட்டன் பேட்டரி இருக்கும். இருபது, முப்பது ரூபாய் சமாசாரம். அது தீர்ந்தால் கதை இதுதான். கம்பெனியும் மாடலும் பொறுத்து 2010, 2015 என்றும் வரும். நேற்று ராத்திரி நடந்த திருட்டு, காலண்டரில் இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கிடக்கும். சில பெட்டிகள், இது பழைய பதிவு என்று நினைத்து முதலில் அதையே அழிக்கும்.

கடிகாரம் முழுசாகத் தப்பினால்கூடக் கண்டுபிடித்துவிடலாம். பதினேழு நிமிஷம் பிந்திய கடிகாரம்தான் ஆபத்து. உரக்கடைக் கேமராவில் 2.10க்குத் தெரியும் பைக், நூறு மீட்டர் தள்ளியிருக்கும் பெட்ரோல் பங்கில் 1.53க்குத் தெரிந்தால், அது அதே பைக்கா, வேறா? கேஸ் நடத்தும்போது எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்ளும் முதல் நூல் இது. அதனால் பதிவை எடுக்கும்போது, பெட்டி காட்டும் நேரத்தையும் உண்மையான நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் குறித்துக்கொள்வது நல்ல டெக்னீஷியனின் பழக்கம். கைபேசித் திரையையும் மானிட்டரையும் ஒரே படத்தில் எடுத்துவைத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

இணையத்தோடு இணைத்தால் பெட்டி தானே நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். எத்தனை பெட்டியில் அதற்கான சின்னக் கட்டத்தை டிக் செய்திருக்கிறார்கள்? இந்தியாவில் விற்கும் பெட்டியில் இந்திய நேரமும் அந்த டிக்கும் முதலிலேயே போட்டு அனுப்பினால் என்ன? கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற கோரிக்கை இது.

பென்டிரைவ் பரீட்சை

பதிவு இருக்கிறது, நேரமும் சரி. இனி அதை வெளியே எடுக்க வேண்டும். போலீஸ் பொதுவாகச் சொல்வது: "முந்தாநாள் சாயங்காலத்திலிருந்து நேத்து காலை வரைக்கும் எல்லாக் கேமராவும் போட்டுக் குடு." எட்டுக் கேமரா, தலா 2 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரப் பதிவே 7.2 ஜிபி. ஒரு முழு நாள் 172.8 ஜிபி. பெட்டியின் யுஎஸ்பி நொடிக்கு 20 மெகாபைட் தள்ளினால்கூட ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். அவ்வளவு வேகம் பல பெட்டிகளில் வருவதே இல்லை. நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. கான்ஸ்டபிள் கொண்டுவந்த பென்டிரைவ் 32 ஜிபி.

எடுத்து முடித்தாலும் பாதிக் கிணறுதான். சில கம்பெனிப் பெட்டிகள் தங்களுக்கே உரிய கோப்பு வடிவத்தில் தருகின்றன. அதைப் பார்க்க அவர்களுடைய பிளேயரை ஏற்ற வேண்டும். ஸ்டேஷன் கம்ப்யூட்டரில் அது ஏறாது. அப்புறம் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மானிட்டர் முன்னால் கைபேசியைப் பிடித்து, ஓடும் படத்தை அப்படியே வீடியோ எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். டிவி சேனலில் நாம் பார்க்கிற திருட்டுக் காட்சிகளில், ஓரத்தில் ஒரு விரல் தெரிவதும், யாரோ "இதோ, இதோ வர்றான்" என்று சொல்வது கேட்பதும் இதனால்தான். ஆளைப் பிடிக்க அது உதவும். தண்டனை வாங்க அது மட்டும் போதாது.

---

[பெட்டிச் செய்தி] நீதிமன்றம் என்ன கேட்கிறது?

மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாகக் கொடுத்தால் சான்றிதழ் கட்டாயம் என்று 2020 ஜூலை 14இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அப்போது அது சாட்சியச் சட்டம் 65பி பிரிவு.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமில் அது 63ஆம் பிரிவு. சான்றிதழ் இரண்டு பகுதி: ஏ பகுதி பதிவைக் கொடுப்பவருக்கு, பி பகுதி நிபுணருக்கு.

படிவத்தில் 'டிவிஆர்' என்று தனிக் கட்டமே உண்டு. தயாரிப்பு, மாடல், நிறம், சீரியல் நம்பர் எழுத வேண்டும்.

கோப்பின் 'ஹாஷ்' மதிப்பும் வேண்டும். கோப்புக்குள் ஒரு புள்ளி மாறினாலும் இந்த எண் முழுசாக மாறிவிடும். அதனால் பிறகு யாரும் கைவைக்கவில்லை என்று காட்ட முடியும்.

---

ஏ பகுதியை நிரப்பும்போது உரக்கடைக்காரர் யாருக்குப் போன் போடுவார்? மாட்டிக்கொடுத்தவருக்குத்தான். ஹாஷ் என்றால் என்ன என்று அவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. பென்டிரைவில் பதிவை எழுதும் அந்த நிமிஷத்திலேயே பெட்டி ஹாஷைக் கணக்கிட்டு, தன் சீரியல் நம்பர், அப்போதைய நேரம் எல்லாவற்றோடும் ஒரு சின்ன எழுத்துக் கோப்பாகப் பக்கத்தில் வைத்துவிட்டால் பாதி வேலை தீரும். தொழில்நுட்பமாக இது பெரிய காரியமே இல்லை. புதுச் சட்டம் வந்து டிவிஆர் என்ற வார்த்தையையே படிவத்தில் அச்சடித்த பிறகும், சந்தையில் ஓடும் சாதாரணப் பெட்டிகளில் அதை எதிர்பார்க்க முடியவில்லை. கண்காணிப்புக் கருவி விற்கிறவர்கள், அந்தக் கண்காணிப்பு கடைசியில் கோர்ட்டில் போய் நிற்கும் என்பதை யோசித்துப் பெட்டி செய்யவில்லை என்றே படுகிறது.

பாஸ்வேர்டு யார் கையில்?

மாட்டிய ஆள் ஊரை விட்டுப் போய்விட்டார், அல்லது சண்டை. பாஸ்வேர்டு அவரிடம். பெட்டி ஓடுகிறது, ஆனால் உள்ளே போக முடியவில்லை. இந்தத் தொழிலில் வாரம் தவறாமல் வரும் அழைப்பு இது. கம்பெனி சேவை மையத்துக்கு சீரியல் நம்பரும் பில்லும் அனுப்பிக் காத்திருக்க வேண்டும். பில் இருக்காது. வேலூரில் வாங்கியதை ஆந்திரத்தில் மாட்டியிருந்தால், எந்த ஊர் சேவை மையம் என்பதிலேயே ஒரு நாள் போகும். ஓனரின் கைபேசி எண்ணுக்கு ஓடிபி அனுப்பி பாஸ்வேர்டு மாற்றும் வசதி இப்போது பல கம்பெனிகளில் வந்திருக்கிறது. ஆனால் மாட்டும் நாளில் அவசரத்துக்கு டெக்னீஷியன் தன் எண்ணையே போட்டுவிடுகிறார். அது அவருக்கும் தலைவலி; நாளைக்கு அந்த வீட்டுப் படம் வெளியே போனால் முதலில் சந்தேகப்படுவது அவரைத்தான்.

இது வெறும் பயம் இல்லை. 2025 பிப்ரவரியில் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமரா காட்சிகள், பெண்களைப் பரிசோதிக்கும் காட்சிகள், இணையத்தில் விற்பனைக்கு வந்தன. குஜராத் சைபர் போலீஸ் துருவியபோது நாடு முழுக்கப் பல இடங்களின் கேமராக்கள் இப்படித் திறந்து கிடந்தது தெரிந்தது. மருத்துவமனையின் பாஸ்வேர்டு 'அட்மின்123' என்று செய்திகள் வந்தன. அதற்கும் முன்னால், 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. 'மிராய்' என்ற நிரல், உலகம் முழுக்க மாற்றப்படாத பாஸ்வேர்டோடு இருந்த டிவிஆர்களையும் கேமராக்களையும் கைப்பற்றி ஒரே நேரத்தில் ஏவிவிட்டதன் விளைவு. யாரோ ஒருவர் கடை மூலையில் தூசியடைந்து கிடக்கும் பெட்டி அந்தப் படையில் ஒரு சிப்பாயாக இருந்திருக்கலாம். அவருக்குத் தெரியவே தெரியாது.

மாட்டுகிறவர்கள் கேட்பது இரண்டு சாவி. ஓனருக்கு ஒன்று, எல்லாவற்றையும் பார்க்கலாம். பழுது பார்ப்பவருக்கு ஒன்று: டிஸ்க் நலமா, கேமரா உயிரோடு இருக்கிறதா, கடிகாரம் சரியா என்று தூரத்திலிருந்து பார்க்க மட்டும். படத்தைப் பார்க்க முடியாத சாவி. இது அவர்களுடைய நலனுக்காகவே கேட்பது என்பதை மறைக்கவில்லை: எதைப் பார்க்க முடியாதோ அதற்குப் பொறுப்பும் ஏற்க வேண்டாமே.

ஏப்ரல் 9க்குப் பிறகு

2025 ஏப்ரல் 9 முதல், பாதுகாப்புச் சோதனையில் தேறிச் சான்று பெறாத சிசிடிவி கேமரா மாடல்களை இந்தியாவில் விற்க முடியாது. அதற்கு ஓராண்டு முன்பே மத்திய மின்னணுத் துறை அறிவித்த விதி இது. 2024 அக்டோபரில் தொடங்க வேண்டியது, ஆறு மாதம் தள்ளிப்போனது. சீன பிராண்டுகளின் பழகிய மாடல்கள் கடையில் கிடைப்பது குறைந்தது. உள்நாட்டு பிராண்டுகள் மேலே வந்தன. அதில் பெரிய பெயரான சிபி பிளஸ், ராயலசீமைக்கு ரொம்பப் பக்கம். அதன் உரிமையாளரான ஆதித்யா இன்ஃபோடெக், 2017இல் டிக்சன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து திருப்பதியில் கேமராவும் டிவிஆரும் தயாரிக்கத் தொடங்கியது. பிறகு தொழிற்சாலை கடப்பா மாவட்டம் கொப்பர்த்திக்குப் போனது. 2024இல் டிக்சனின் பங்கையும் ஆதித்யாவே எடுத்துக்கொண்டது. குடிபாலா கடைச் சுவரில் இருக்கிற பெட்டி, இதே ராயலசீமையில் திருகு முடுக்கப்பட்டதாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

தெருவில் இதன் விளைவு வேறு மாதிரி. பழைய டிவிஆர் ஒரு கம்பெனி. செத்துப்போன கேமராவுக்குப் பதிலாகக் கிடைப்பது வேறு கம்பெனி. அனலாக் என்றால் பெரும்பாலும் ஒத்துப்போகும், வயரில் பிரச்சினை இல்லையென்றால். ஐபி கேமரா என்றால், 2008இல் ஆக்சிஸ், போஷ், சோனி மூன்றும் சேர்ந்து தொடங்கிய 'ஆன்விஃப்' பொது மொழியை இரண்டும் பேச வேண்டும். பேசும் என்று அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும். படம் வரும், ஆனால் ஆள் நடமாட்ட எச்சரிக்கை வராது, குரல் வராது. அதற்கு இன்னொரு சாயங்காலம் செலவாகும், கூலி கிடையாது. எந்தக் கேமராவோடு எது வேலை செய்யும், எது செய்யாது என்று ஓர் உண்மையான பட்டியல் போடுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. உண்மையான என்ற சொல்லை அழுத்திச் சொல்வார்கள்.

பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனால்?

"தடயம் சிக்காமல் இருக்க டிவிஆர் பெட்டியையும் மர்ம நபர்கள் எடுத்துச் சென்றனர்." தினசரிகளில் இந்த வரி இல்லாத வாரம் இல்லை. கல்லாவுக்குப் பக்கத்திலேயே, மானிட்டருக்குக் கீழே, எல்லோர் கண்ணிலும் படும்படி பெட்டியை வைப்பது நம் வழக்கம். தெரிந்த டெக்னீஷியன் அதைப் பரண் மேலேயோ வேறு அறையிலோ வைக்கச் சொல்வார். ஆனால் ஓடு வேய்ந்த அறையின் பரணில் மே மாதம் என்ன சூடு! அங்கே பல்லி போய் உள்ளே குடியிருக்கும், எறும்பு புற்று வைக்கும், எலி வயரைக் கடிக்கும். விசிறி உள்ள பெட்டி தூசியை இழுத்துச் சேர்க்கும். விசிறி இல்லாதது வெந்துபோகும். வெளிநாட்டு ஏசி அறையை மனத்தில் வைத்துச் செய்த பெட்டிக்கு சித்தூர் மாவட்டக் கோடை ஒரு பாடம்.

இதற்கு வழி, முக்கியமான ஒரு கேமராவின் பதிவை மட்டும் இன்னோர் இடத்தில் தானாகச் சேமிப்பது. கேமராவுக்குள்ளேயே மெமரி கார்டு, அல்லது இணையத்தில். எட்டையும் இணையத்துக்கு அனுப்ப எந்தக் கிராமத்து இணைப்பும் தாங்காது. வாசல் கேமரா ஒன்று போதும், அதுவும் ஆள் வந்தால் மட்டும். இப்படித் தேர்ந்தெடுத்து அனுப்பும் வசதி மாதச் சந்தா இல்லாமல் வேண்டும் என்கிறார்கள். கம்பெனிகள் இதைச் சந்தாவாக விற்கத்தான் பார்க்கும்; இந்த விஷயத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

மௌனமாகச் சாகாத பெட்டி

மாட்டுகிறவர்கள் கேட்பதை எல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒன்றே ஒன்று மட்டும் தருவேன் என்று கம்பெனி சொன்னால் அவர்கள் எதைக் கேட்பார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. டிஸ்க் நின்ற அன்றைக்கே, ஓனருக்கும் மாட்டியவருக்கும் கைபேசியில் செய்தி வர வேண்டும். அணைக்க முடியாத செய்தி. தமிழிலோ தெலுங்கிலோ: "பதிவு நின்றுவிட்டது." இன்றைய ஆப்களில் எச்சரிக்கை வராமல் இல்லை. பூனை நடந்தால் வரும், மழை பெய்தால் வரும், லைட் மினுக்கினால் வரும். ஒரு நாளைக்கு நூறு வந்தால் நாலாம் நாள் ஓனர் எல்லாவற்றையும் அணைத்துவிடுவார். அந்த நூறோடு நூற்றியொன்றாக டிஸ்க் செத்த செய்தியும் போய்ச் சேர்ந்திருக்கும்.

பராமரிப்பு ஒப்பந்தம் இருந்தால் டெக்னீஷியன் வந்து பார்ப்பார். ஏஎம்சி என்றதும், "மாட்டும்போதே காசு வாங்கினீங்களே" என்பதுதான் பெரும்பாலான கடைகளின் பதில். இலவசமாக எத்தனை தடவை ஏணி ஏறுவது? அதனால் இப்போது விவரமானவர்கள் கொட்டேஷன் தாளின் அடியில் ரெண்டு வரி சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். இந்த டிஸ்க்கில் இத்தனை நாள் பதிவுதான் நிற்கும். மாதம் ஒருமுறை பிளேபேக் போட்டுப் பார்ப்பது உரிமையாளர் பொறுப்பு. அதற்குக் கீழே கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். கையெழுத்துப் போடும்போதுதான் பல பேர் முதல்முறையாக, "அப்போ 30 நாளுக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறார்கள்.